பேச்சியம்மாள் சொன்ன வரிசை

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பா ஏன் பதில் போடவில்லை என்று நீ யோசித்திருப்பாய். மதுரையில் ஆய்வுக்கு இடம் கிடைத்ததையும், தலைப்பை ஒப்புக்கொண்டார்கள் என்பதையும் உன் அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். 'மலையோரத் தமிழரின் வாய்மொழிக் கதைகளில் கதையமைப்பு' என்று நீ நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாய். "அப்படீன்னா என்னங்க?" என்று கேட்டாள் அம்மா. "ஒரு கதையை எங்கே ஆரம்பிக்கறாங்க, எதை முன்னாடி சொல்றாங்க, எதைப் பின்னாடி வெக்கறாங்க, அதைப் பத்தின படிப்பு" என்றேன். "நீங்களும் அதைத்தானுங்களே படிச்சீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. அதற்கான காரணம் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று எட்டு வருஷமாக நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம்.

கடிதத்தின் கடைசியில் நீ என் பழைய நோட்டுகளைக் கேட்டிருந்தாய். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீட்டு ஜனங்களிடம் உட்கார்ந்து கேட்டு நான் எழுதி வைத்த மூன்று நோட்டுகள். 'முக்கியமாகப் பேச்சியக்கா சொன்ன கதைகள் வேண்டும். அவர் ஏன் திடீரென்று நம் வீட்டுக்கு வராமல் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை' என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குத்தான் பதில் எழுத முடியாமல் இத்தனை நாள் இருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் வராமல் போனது என்னால். அவருடைய வாழ்க்கை இரண்டாக உடைந்ததும் என்னால். நான் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. ஒரு கதை எழுதினேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் காட்டையும் கிணற்றையும் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு, தேவிகுளத்துக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராக வந்தபோது உனக்கு மூன்று வயது. மலையும் குளிரும் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கிருந்தவர்களின் பேச்சும் வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நான் 'வாங்க, போங்க' என்று பேசுவதைக் கேட்டு வாய்க்குள் சிரிக்கும். அந்தத் தனிமையில்தான் எம்.ஏ. தமிழை வீட்டிலிருந்தே படிக்க ஆரம்பித்தேன். பாலக்காட்டில் எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஒருவர் கதையமைப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். அவர் கரும்பலகையில் ஒரு மலையை வரைவார். அடிவாரத்தில் தொடக்கம், ஏற்றத்தில் முடிச்சு, உச்சியில் திருப்பம், இறக்கத்தில் அவிழ்ப்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர். ஆனால் அந்தப் படம் என்னைப் பிடித்துக்கொண்டது. எதைக் கேட்டாலும் அந்த மலையின் மேல் ஏற்றிப் பார்ப்பேன். நீ பள்ளிவிட்டு ஓடிவந்து மூச்சிரைக்க எதையாவது சொல்வாய். "நடுவிலிருந்து ஆரம்பிக்காதே, முதல்லயிருந்து வரிசையாச் சொல்லு" என்று உன்னை நிறுத்துவேன். நீ திகைத்து நின்று, மறுபடி ஆரம்பித்து, சொல்ல வந்ததையே மறந்துபோவாய். கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் அம்மாவிடம் மட்டும் சொல்லத் தொடங்கினாய். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெண் வளர்கிறாள், அதனால் அம்மாவோடு ஒட்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

பேச்சியம்மாளை உனக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உனக்கு எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னிவிடுவார். நீ அழாமல் இருக்கக் கதை சொல்வார். நான் உள்ளே பாடப்புத்தகம் திறந்து வைத்துக்கொண்டு அவர் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படித்தான் நோட்டு போட ஆரம்பித்தேன். அவர் கதை சொல்லும் முறை எனக்கு விசித்திரமாக இருந்தது. ராசாவின் கதையோ காட்டுக்குப் போனவன் கதையோ, யார் சாகப்போகிறார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த ஆள் எப்படி இருந்தான், என்ன தின்றான், யாரிடம் என்ன சொன்னான் என்று போகும். ஒரு நாள் கேட்டேன்.

"முடிவை மொதல்லயே சொல்லிட்டா அப்புறம் யாருங்க கேப்பாங்க பேச்சியம்மா?"

"கேக்குறதுக்காவத்தான் சார் மொதல்ல சொல்லிறது. சாவுறவன் யாருன்னு தெரியலைன்னா, கேக்குத மனுசரு இவன் பொழச்சிருவான், பொழச்சிருவான்னு ஆசப்பட்டுக்கிட்டே இருப்பாக. கடைசில போயி இல்லன்னு சொல்லுதது பாவம்லா."

நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஓரத்தில் 'அமைப்புப் பற்றிய அறிவு இல்லை' என்று சிவப்பு மையில் குறித்தேன். அந்தச் சிவப்பு எழுத்து அங்கேயே இருக்கிறது. அழிக்கலாம் என்று பலமுறை நினைத்தேன். நீ பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுபத்தொன்றாம் வருஷத்து ஜூனில், இடவப்பாதி மழையில் அவருடைய மகன் மாடசாமி இறந்துபோனான். உனக்கும் தெரியும், ஒரு வாரம் நீ சரியாகச் சாப்பிடவில்லை. ஆறு வயது, ஒன்றாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தான். அவன் அப்பா சுடலைமுத்து அப்போது வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். பையன் போய் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். மத்தியானம் திடீரென்று காய்ச்சல் கண்டது, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்பதுதான் அவருக்கும் லைனில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து, தை மாதக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "நோட்டு வச்சிருக்கியளா சார்?" என்று அவரே கேட்டார். எடுத்தேன். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் பென்சிலால் எழுதினேன். "எம் மவன் மாடசாமி செத்துப்போனான் சார்" என்று தொடங்கினார். அப்புறம் மறையூர் வெல்லச் சர்க்கரை உருண்டையை அவன் சட்டைப்பையில் வைத்து எறும்பு மொய்த்தது. அவன் 'ழ' எழுதும்போது வாலை மறந்துவிடுவது. பிறகு மழை. மழையில் பாதை சரிந்து கிடந்தது. மருந்து கொடுக்கிற கம்பவுண்டர் மூணாறுக்குப் போயிருந்தார். மலை மேல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவருக்கு மத்தியானம் ஆள் வந்து சொன்னது. பையனை முதுகில் கட்டிக்கொண்டு சரிந்த பாதையில் தேவிகுளம் அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தது. யூகலிப்டஸ் மரங்கள் நிற்கிற அந்த வளைவில் முதுகில் பாரம் மாறியது. அவர் சொன்ன வார்த்தை அதுதான், 'பாரம் மாறுச்சு சார்.' அதற்கு முந்தின இரண்டு நாள் பையனுக்கு வயிற்றுப்போக்கு என்று வேலைக்குப் போகாமல் இருந்ததையும், மூன்றாம் நாளும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லியனுப்பியதையும் அதற்குப் பிறகு சொன்னார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, சேலையை உதறிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார்.

"காலைல கெளம்பையில கழுத்தத் தொட்டுப் பாத்தேன். கதகதன்னு இருந்துச்சு. கம்பளிக்குள்ள கெடந்த சூடுன்னு நெனச்சுக்கிட்டேன் சார். அவுககிட்ட இத நான் சொல்லல."

போய்விட்டார். துக்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் சொல்லக் கூடாது. பட்டேன், கொஞ்சம். அதைவிட அதிகமாக எனக்கு உள்ளே ஒரு பரபரப்பு. இத்தனை வருஷம் தேடிய கதை கிடைத்துவிட்டது, ஆனால் தலைகீழாகக் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. கடைசியில் உதறிவிட்டுப் போனதுதான் முடிச்சு, அது முன்னால் வரவேண்டும். முதலில் சொன்ன சாவு உச்சி, அது கடைசிக்குப் போகவேண்டும். ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். கழுத்துச் சூட்டில் கதையைத் தொடங்கினேன். பையன் பிழைப்பானா மாட்டானா என்று வாசகனை வளைவுவரை இழுத்துப் போனேன். கங்காணி வந்தால் ஆட்கள் அதிகமாகிறார்கள், கதை சிதறுகிறது என்று அவரை எடுத்துவிட்டேன். வயிற்றுப்போக்கும் இரண்டு நாள் லீவும் தேவையில்லை என்று போயிற்று. கம்பளி இருந்தால் முடிச்சு இறுகவில்லை. கம்பளியையும் எடுத்தேன். அந்த இடம் வெற்றாக நின்றதால், அங்கே நானாக ஒரு வரி சேர்த்தேன். 'அவளுக்குத் தெரிந்திருந்தது.' அவ்வளவுதான். இரண்டே சொல். அதை எழுதியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை உனக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "ஏனுங்க, இதை அந்தம்மாகிட்ட ஒருக்காப் படிச்சுக் காட்டிப்போட்டு அனுப்பலாமில்லீங்க?" என்றாள். "பேரெல்லாம் மாத்தீட்டேன். இது இனிமே கதை. அவங்களுது இல்ல" என்றேன். "அப்ப யாருதுங்க?" என்று கேட்டாள். காகிதங்களை மடித்துக்கொண்டு எழுந்தேன். பேராசிரியருக்கு அனுப்பினேன். 'கட்டுக்கோப்பு அபாரம்' என்று பதில் வந்தது. அவரே ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பி வைத்தார். சித்திரையில் அச்சாகி வந்தது.

அச்சில் வருவது தோட்டத்துக்கு வராது என்று நினைத்திருந்தேன். தொழிலாளர் படிப்பகத்துக்கு அந்தப் பத்திரிகை வருவது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் பீடி பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நம்ம வாத்தியார் எழுதியது என்று பெருமையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பேச்சியைப் பொன்னி ஆக்கியிருந்தேன், மாடசாமிக்கும் வேறு பெயர். ஆனால் மழையையும் வளைவையும் மாற்றவில்லையே. இரண்டாவது பக்கத்திலேயே எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. படித்தவர் நிறுத்தப் பார்த்திருக்கிறார். கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊர் வந்திருந்த சுடலைமுத்து அங்கே உட்கார்ந்திருந்தார். "நிறுத்தாத, முச்சூடும் படி" என்று அவர்தான் சொன்னாராம்.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே பேச்சியம்மாள் பள்ளிக்கூட வாசலில் நின்றார். முகம் கழுவியிருந்தார், தலை வாரியிருந்தார். கோபமே தெரியவில்லை.

"அவுக கெளம்பிப் போயிட்டாக சார். வண்டன்மேட்டுக்கு. இனிமே வரமாட்டாகளாம்."

நான் எழுந்து நின்றேன்.

"எனக்குத் தெரியும்னு எழுதியிருக்கியளாமே. எனக்குத் தெரியும்னு நான் சொன்னேனா சார்?"

"இல்லீங்க."

"பொறவு?"

"அது… கதைக்கு வேணும்னு நானா சேத்ததுங்க."

"கதைக்கா" என்றார். அந்த ஒரு சொல்தான். அப்புறம் மணி அடித்தது, பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள், அவர் ஒதுங்கி வழிவிட்டார். பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு நீயும் அந்த வரிசையில் இருந்தாய். "பேச்சியக்கா!" என்று கூப்பிட்டாய். அவர் உன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை.

லைனில் யாரும் அவரை நேரே எதுவும் கேட்கவில்லை. ஆனால் தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுப்போக மற்ற பெண்கள் தயங்கினார்கள். மலையில் கொழுந்து கிள்ளும் வரிசையில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்ததாம். 'தெரிஞ்சே போனவ' என்று யாரோ ஒருத்தி சொல்ல, அது பேராகிவிட்டது. என் வரியைத்தான் அவர்கள் சுருக்கிக்கொண்டார்கள். ஆடி முடிவதற்குள் அவர் பேரைத் தோட்டத்திலிருந்து வெட்டிக்கொண்டு மறையூர்ப் பக்கம் கரும்பு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த ஆவணியில் நான் வண்டன்மேட்டுக்குப் போனேன். அம்மாதான் போகச் சொன்னாள். சுடலைமுத்து ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் கோடாரியைக் கீழே வைத்தார். கதையில் இருந்த அந்த வரி என்னுடையது, பேச்சியம்மாள் சொன்னதல்ல என்றேன்.

"கழுத்து சுட்டது நெசமா, பொய்யா?"

"நெசம். ஆனா கம்பளிக்குள்ள கெடந்த சூடுன்னு நெனச்சாங்க. அப்படித்தான் எங்கிட்டச் சொன்னாங்க."

"அத ஏன் எழுதல?"

முடிச்சு, உச்சி, கட்டுக்கோப்பு என்று இத்தனை வருஷம் படித்ததில் அந்த மனிதரிடம் சொல்லக்கூடிய ஒரு சொல் இல்லை.

"மூணு பேரு லீவு கேட்டா ஒருத்தனுக்குத்தான் குடுப்பாக சார், எனக்கும் தெரியும். கங்காணி பேர வெட்டுவான்னு தெரியும். எல்லாம் தெரியும். ஆனா காதுல மொதல்ல விழுந்தது நீங்க எழுதுனதுதான். அதுக்கு மேல அவ மூஞ்சியப் பாக்கும்போது எனக்கு அதுதான் முந்தி வருது. நான் என்ன செய்ய?" என்றார். கோடாரியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க. மழை வருது" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

அம்மிணி, இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் அவமானமானது. வண்டன்மேட்டுக்குப் போனவன் மறையூருக்குப் போகவில்லை. எட்டு வருஷம் போகவில்லை. மூணாறிலிருந்து ஒரே பஸ். பள்ளி வேலை, உன் படிப்பு, அம்மாவின் முட்டிவலி என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வைத்திருந்தேன். எம்.ஏ.வில் தேறினேன். பேராசிரியர் மேற்கொண்டு ஆய்வு செய்யச் சொன்னபோது வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றதை ஒரு பெரிய தியாகம்போல எனக்குள் வைத்துக்கொண்டேன். அதனால் பேச்சியம்மாளுக்கு என்ன பிரயோசனம்? போய் முகத்தைப் பார்ப்பதற்குப் பயந்தேன், அவ்வளவுதான். உன் கடிதம் வந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் போனேன். நோட்டை உன்னிடம் கொடுக்கவா என்று அவரிடம் கேட்காமல் கொடுக்க முடியாது. கேட்காமல் கொடுத்தது ஒருமுறை போதும்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, அம்மாவும் நானும் போனோம். மறையூரில் மழை இல்லை, நல்ல வெயில். கரும்புக் காட்டுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் விசாரித்ததும் உடனே காட்டினார்கள். பேச்சியம்மாள் காய்ந்த சக்கையை அள்ளி அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார். அக்காவும் வந்திருக்கியளா. பாப்பா என்ன படிக்கு?" என்றார். எட்டு வருஷத்துக்கு முந்தி விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

மூவரும் வெளியே ஒரு வண்டியின் நிழலில் உட்கார்ந்தோம். நோட்டைப் பற்றிச் சொன்னேன். உன் படிப்பைப் பற்றிச் சொன்னேன். "பாப்பாவா கேக்குது? குடுங்க" என்றார். நான் அந்த அளவில் எழுந்து வந்திருக்கலாம். ஆனால், மன்னிப்புக் கேட்க வந்தவனுக்கு இவ்வளவு சுலபமாக முடிந்தது போதவில்லை. "மாடசாமியைப் பத்தி உங்க வாயால ஒருக்கா மறுபடியும் சொல்லுங்க. நான் எழுதினது தப்புன்னு, அதையும் சேத்து அவளுக்கு எழுதறேன்" என்றேன்.

அவர் கொட்டகை அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அன்னைக்குக் காலைல கழுத்தத் தொட்டேன் சார். சுட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். தெரிந்தே வேலைக்குப் போனது, மழை, முதுகில் கட்டியது, வளைவு. கங்காணி இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. சட்டைப்பையில் எறும்பு இல்லை. பையன் செத்துப்போனதைக் கடைசியில்தான் சொன்னார். அது நான் எழுதிய வரிசை. ஒரு படி ஏற்றம்கூட மாறாமல் என் மலை அப்படியே இருந்தது. அவர் அந்தப் பத்திரிகையைப் படித்ததே இல்லை, படிக்கத் தெரியாது. லைனில் அதையே பேசிப் பேசி, அவர் காதிலேயே அது திரும்பத் திரும்ப விழுந்து, உள்ளே இருந்ததைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டது.

"பேச்சியம்மா, தெரிஞ்சிருந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லீங்க. அது நான் கட்டினது. பொய்" என்றேன்.

"பொய்னு எப்படிச் சொல்லுதிய? தெரிஞ்சுதான் இருந்திருக்கும் சார். பெத்தவளுக்குத் தெரியாமப் போவுமா? நீங்க படிச்சவுக, சும்மாவா எழுதியிருப்பிய."

பையிலிருந்து நோட்டை எடுத்து, அன்று பென்சிலால் எழுதிய பக்கங்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். சத்தமாக, மெதுவாக, அவர் சொன்ன சொற்களிலேயே. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, வேறு யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார். சர்க்கரை உருண்டை வந்தபோது லேசாகச் சிரித்தார். கம்பளி வந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

"கம்பளியா? எங்ககிட்ட அப்ப கம்பளி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. நீங்கதான் சொன்னீங்க. இங்க எழுதியிருக்கு."

நோட்டை வாங்கிப் பார்த்தார். விரலால் வரியைத் தடவினார். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்:

"அதையும் நீங்கதான எழுதுனிய சார். இதையும் நீங்கதான் எழுதியிருக்கிய. ரெண்டும் உங்க கையெழுத்துதான."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டகையில் பாகு இறக்கப் போகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். பேச்சியம்மாள் எழுந்து, உனக்கென்று நான்கு உருண்டை வெல்லத்தை வாழைச்சருகில் பொதிந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். பஸ்ஸில் வரும்போது அம்மா ஒன்றுதான் கேட்டாள். "இப்போ அந்தம்மா யாருகிட்டயாச்சும் கதை சொல்றாங்களாங்க?" கேட்கவில்லையே என்றேன். "நான் கேட்டனுங்க. இப்பெல்லாம் கதை வாரதில்லீனு சொல்லிப்போட்டாங்க" என்றாள்.

மூன்று நோட்டுகளையும், அந்தப் பத்திரிகையையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மூன்றாவது நோட்டின் பென்சில் எழுத்து மங்கிவருகிறது, அதன் மேல் மையால் எழுதிவிடாதே. உன் படிப்பை விட்டுவிடு என்று சொல்லமாட்டேன். கதைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று படிக்கத்தான் வேண்டும். படிக்காமல் இருந்தால் இந்த அநியாயம் எங்கே நடந்தது என்று எனக்கே விளங்கியிருக்காது. ஆனால் ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது அதை எந்த ஒழுங்கில் வைக்கிறாரோ, அந்த ஒழுங்கில்தான் அவரால் அதைச் சுமக்க முடிகிறது. அதை நாம் கலைத்து அடுக்கினால் சுமை வேறு இடத்தில் போய் அழுத்தும். சொன்னவர் எதைப் பின்னால் வைக்கிறார் என்று பார்க்கும்போது, ஏன் வைத்தார் என்று ஒரு நிமிஷம் நின்று யோசி. பதில் தெரியாவிட்டால் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிடு. ஆய்வில் இடம் வெற்றாகத் தெரிந்தால் வெற்றாகவே இருக்கட்டும். ஒரு சொல்லையும் நீயாக வைக்காதே. மாடசாமியின் பெயரை எழுத நேர்ந்தால் மாடசாமி என்றே எழுது. என் பெயரை எங்கும் போடவேண்டாம்.

இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் என்ன தோன்றும் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. உன் தலையைப் பின்னிவிட்டவரை உன்னிடமிருந்து பிரித்ததும் நான்தான், அது ஏன் என்று எட்டு வருஷம் உன்னிடம் மறைத்ததும் நான்தான். உடனே பதில் எழுதவேண்டாம். ஆவணி லீவுக்கு நீ வருவாய் அல்லவா, எந்த நாள் என்று மட்டும் அம்மாவுக்கு ஒரு கார்டு போடு. நீ வரும் பஸ்ஸுக்கு நான் வந்து நிற்பேன். பேச மனமில்லை என்றால் பேசவேண்டாம். உன் பெட்டியை மட்டும் என்னிடம் கொடு, தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருகிறேன்.

உன் அப்பா